மெய்க்கீர்த்தியும் கடலாட்சியும்

சோழப் பெருமன்னருள் முதலாம் இராசேந்திரனைக் 'கடாரங் கொண்டான்' எனப் போற்றுதல் தமிழுலகத்து மரபு. 1025 ஆம் ஆண்டளவில் அவனது கடற்படை ஸ்ரீவிசயப் பேரரசின் துறைகளைத் தாக்கிய செய்தியை அவன் மெய்க்கீர்த்தி விரித்துரைக்கின்றது. அதனைச் சான்றாகக் காட்டி, மலாயாவும் சுமாத்திராவும் சோழராட்சிக்கு உட்பட்ட மண்டலங்களாய் விளங்கின எனப் பெருமிதத்தோடு பேசுவார் பலர். அக்கூற்று எத்துணைப் பொருத்தமுடையது என்பது ஆராயத்தக்கது.

முதற்கண் மெய்க்கீர்த்தி எத்தகைய இலக்கியம் என்பதை நோக்குதல் வேண்டும். கல்வெட்டின் முகப்பில் அரசனின் வெற்றிகளை அகவல் நடையிற் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவன் முதலாம் இராசராசன். ஆட்சியாண்டு வளர வளரப் புதிய வெற்றிகள் அதனிற் சேர்க்கப்பட்டன. ஆதலின், வெற்றிகளின் காலமுறையை அறிதற்கு அது சிறந்த கருவியாகும். எனினும் அது புகழ்ப்பாட்டுமாகும். தலைத்தக்கோலத்துக்குக் கலைவல்லோர் பாராட்டும், மானக்கவாரத்துக்குத் தேன்மலி சோலையும் அடையாக வந்தமைக்கு நிலநூலறிவினும் எதுகை நயமே பெரிதுங் காரணமாகும். அவ்வடைகளைக் கொண்டு அவ்வூர்களின் இயல்பை வரைந்து காட்ட முற்படுவோர் செய்யுளைச் சரித்திரமென மயங்கினோராவர்.

இனி, மெய்க்கீர்த்தி கூறாது விட்டதும் கருதத்தக்கது. கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மன் பிடிபட்டமையையும், பெருநிதியும் யானைகளும் தோரணவாயிலும் கைப்பற்றப்பட்டமையையும் அது கூறுகின்றது. ஆங்கு அதிகாரிகள் நியமிக்கப்பட்டமையையோ, நிலம் அளந்து இறை விதிக்கப்பட்டமையையோ அது கூறவில்லை. பின்வந்த வீரராசேந்திரனுங் கடாரத்தை வென்று அந்நாட்டரசனுக்கே மீளக் கொடுத்தான் என்று அவன் சாசனமே கூறுகின்றது.

ஈழத்து நிலைமை இதனின் முற்றிலும் வேறானது. 993 ஆம் ஆண்டளவிற் சோழர் வசமான பகுதி 'மும்முடிச் சோழமண்டலம்' எனப் பெயர் பெற்றது. பொலன்னறுவை சனநாதமங்கலமாயிற்று, மாதோட்டம் இராசராசபுரமாயிற்று. பொலன்னறுவையில் வானவன்மாதேவீச்சரம் எழுந்தது. திருகோணமலைக்கு அணித்தாகிய வெல்கம் விகாரை இராசராசப் பெரும்பள்ளி என்னும் பெயரோடு தமிழ்ச் சாசனங்களையும் பெற்றது. 1070 ஆம் ஆண்டில் முதலாம் விசயபாகு சோழரை அகற்றும்வரை இவ்வாட்சி நிலவியது. ஈழம் ஆளப்பட்டது, கடாரம் தாக்கப்பட்டது. 'கொண்டான்' என்னும் ஒரே சொல் இவ்விரண்டையும் மூடிவிடுகின்றது.

ஆயின், கடல் கடந்த தமிழ்த் தொடர்பு வெறுங் கற்பனையோ எனின், அன்று. அதனைப் போர்க்களத்தில் தேடாது துறைமுகத்தில் தேடுதல் வேண்டும். ஸ்ரீவிசய மன்னன் மாரவிசயோத்துங்கவர்மன் நாகபட்டினத்திலே தன் தந்தை பெயராற் சூடாமணி விகாரை அமைத்தான்; அதற்கு இராசராசன் ஆனைமங்கலத்தை 1006 ஆம் ஆண்டளவில் வழங்கினான். இடையே போர் நிகழ்ந்தும் அவ்வறம் அழியவில்லை. 1090 ஆம் ஆண்டளவிற் கடாரத்தரசன் தூதுவர் வேண்ட, முதலாம் குலோத்துங்கன் அப்பள்ளிக்குரிய உரிமைகளை உறுதிசெய்தான். அதற்கு ஈராண்டு முன்னர், 1088 இல், சுமாத்திராவின் பாரூசில் ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் தமிழிற் கல்வெட்டுப் பொறித்தனர்.

யாழ்ப்பாணத்து மாணவர் இவ்வுண்மைக்குச் சான்று தேடி நெடுந்தூரஞ் செல்ல வேண்டுவதில்லை. நயினாதீவு நாகபூஷணி அம்பாள் கோயிலிற் பொலன்னறுவை மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153 - 1186) தமிழ்ச் சாசனம் ஒன்றுளது. ஊராத்துறைக்கு வரும் பரதேசி வணிகர் பாதுகாக்கப்படல் வேண்டும் என்பதும், யானையுங் குதிரையுங் கொணருங் கலங் கெட்டால் நாலிலொன்று பண்டாரத்துக்கும் எஞ்சியது உடையவனுக்கும் உரியன என்பதும், வாணிகச் சரக்கேற்றிய கலமாயின் சரிபாதி பண்டாரத்துக்குரியது என்பதும் அதன் விதிகளாம்.

சோழராட்சி ஈழத்தில் மறைந்து எண்பது ஆண்டுகளுக்கு மேலாகியபின், சிங்கள மன்னனொருவன் தன் துறைமுகச் சட்டத்தைத் தமிழிலே கல்லிற் பொறித்தான். அதனைச் செய்வித்தது வாளன்று, வாணிகமே. வென்ற ஊர்களின் பட்டியலைக் கொண்டே முன்னோரின் பெருமையை அளப்போர், அவ்வூர்கள் கைவிட்டுப் போயவிடத்து அப்பெருமையையும் இழப்பர். கலங்கெட்ட வணிகனுக்கு நீதி கூறும் நயினாதீவுக் கல்லோ அவ்வாறு இழக்கப்படும் பெருமையன்று. மெய்க்கீர்த்தியைப் பாடமாக ஓதும் மாணவர் அக்கல்லையும் உடன்வைத்து ஓதுவராயின் சரித்திரம் செம்மையுறும்.