யார் வாய்ப் பாட்டு?

பிறர் பட்ட பாட்டைப் பாட்டாக்க ஒருவனுக்கு என்ன உரிமை? கதை எழுதுகிறவர்களையும் விடாத கேள்வி இது. இரண்டு பாட்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு பிறக்கலாம்.

முதலாவது, யூ-டூ என்ற அயர்லாந்து ராக் கோஷ்டி 1984-ல் வெளியிட்ட ‘பிரைட்’. கறுப்பின மக்களின் சம உரிமைக்காகப் போராடிய மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றியது. பாடகர் போனோ முதலில் ஜனாதிபதி ரீகனைச் சாடத்தான் எழுத ஆரம்பித்தார். சாடல் பாட்டாகவில்லை; கிங் மனத்துக்குள் வந்த பிறகே பாட்டாயிற்று. கேட்கிறவனை எழுந்து நிற்க வைக்கும் இசை, அதில் சந்தேகமில்லை. ஆனால் மெம்பிஸ் நகரில் கிங் சுடப்பட்டது 1968 ஏப்ரல் 4, மாலை ஆறு மணிக்கு. பாட்டிலோ அது அதிகாலையாகிவிட்டது. போனோவே பிற்பாடு மேடைகளில் திருத்திப் பாடியிருக்கிறார். சின்னப் பிழைதானே என்று ரசிகர்கள் விட்டுவிடுவார்கள். எனக்கு மனம் வரவில்லை. பக்கத்தில் நின்று பறிகொடுத்தவனுக்கு அந்த வேளை மறக்குமா? தூரத்திலிருந்து கும்பிடுகிறவனுக்குத்தான் காலையும் மாலையும் ஒன்றாகத் தெரியும்.

இரண்டாவது, நம் புதுக்கோட்டையில் பிறந்தது. 1991-ல் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அறிவொளி இயக்கத்தோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். வயலில் வேலை செய்கிறவர்களும் கல் உடைக்கிறவர்களும் ஊரார் கேலியைப் பொருட்படுத்தாமல் பெடலை மிதித்தார்கள். ஆண்கள் சைக்கிளானால் முன்கம்பியில் குழந்தையை உட்கார்த்திக்கொள்ளலாமே என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த நாட்களில் அறிவொளித் தொண்டர் முத்து பாஸ்கரன் எழுதியதுதான் சைக்கிள் பாட்டு. தங்கையை, சைக்கிள் கற்றுக்கொள்ள வா என்று கூப்பிடுகிற பாட்டு.

அவரும் ஆண்தான். பெண்கள் மேல் விழுந்த கேலி அவர்மேல் விழுந்திருக்காது. ஒரு பெண் எழுதியிருந்தால் வேறு விதமாக இருந்திருக்கும் என்று யாராவது சொன்னால் மறுப்பதற்கில்லை. ஆயினும் பாட்டு அவரோடு நிற்கவில்லை. 1992 மகளிர் தினத்தன்று புதுக்கோட்டைத் தெருக்களில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஊர்வலம் வந்தார்களே, அவர்களுடைய இயக்கப் பாட்டாக அது ஆகிவிட்டது.

இறந்துபோன தலைவர் எழுந்து வந்து, ‘காலை அல்ல அப்பா, மாலை’ என்று திருத்த முடியாது. புதுக்கோட்டைப் பாட்டுக்கோ கூப்பிடப்பட்டவள் எதிரிலேயே நின்றாள். அதில் பொய் இருந்தால் அவள் சைக்கிளைத் தொட்டே இருக்கமாட்டாள். பாடுகிற உரிமையை அவள்தான் கொடுத்தாள், தன் வாயாலேயே பாடி.

2009-ல் வாஷிங்டன் லிங்கன் மண்டபத்தின் முன், 1963-ல் கிங் பேசிய அதே இடத்தில், ‘பிரைட்’ ஒலித்தது. கம்பீரமான காட்சிதான். அங்கேயும் பாடியவர்கள் யூ-டூ கோஷ்டியார்.