வில்லனை விட்டுவிட்டார்கள்

2018-ல் வந்த 'டிக் டிக் டிக்' படத்தை டிவியில் மறுபடி பார்த்தேன். தமிழில் விண்வெளிப் படம் எடுக்க சக்தி சௌந்தர் ராஜன் துணிந்ததற்கே கைதட்டலாம். கிராபிக்ஸும் மோசமில்லை. ஜெயம் ரவி மாஜிக் செய்கிறார், பூட்டுகளைத் திறக்கிறார், வேறொரு நாட்டின் விண்வெளி நிலையத்திலிருந்து ஏவுகணையையே சுட்டுக்கொண்டு வருகிறார். எல்லாம் சரி, விண்வெளியின் அசல் வில்லன் எங்கே என்பதுதான் என் புகார்.

கூட இருந்து பார்த்த நண்பர் அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செய்கிறவர். "நாங்களே ஓவன்ல வச்சு சூடு காட்டாம ஒரு போர்டையும் லாரில ஏத்த மாட்டோம் சார். இவங்க கப்பல்ல ஒரு சிப்புகூட பயப்படலியே?" என்றார்.

நியாயமான கேள்வி. மேலே சூட்டைவிட மோசமான சங்கதி இருக்கிறது. காஸ்மிக் கதிர்களில் வரும் ஒரே ஒரு கன அயனி சிப்பின் வழியே பாய்ந்தால் போதும், மெமரியில் பூஜ்யம் ஒன்றாகிவிடலாம். ரவியின் மாஜிக்கைவிடப் பெரிய மாஜிக். சில சமயம் சிப்புக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் மாதிரி ஆகி, உடனே கரண்ட்டை நிறுத்தாவிட்டால் கருகியும் போகும். ரிப்பேருக்கு ஆள் அனுப்ப முடியாது.

இதை ஓவனில் சோதிக்க முடியாது. துகள் முடுக்கி வேண்டும். மும்பை கொலாபாவில் டாடா ஆராய்ச்சி நிலைய வளாகத்தில் 'பெல்லட்ரான்' என்று ஒன்று 1980களின் இறுதியிலிருந்து இருக்கிறது. 1 கோடியே 40 லட்சம் வோல்ட்! நெகட்டிவ் அயனியை அந்த வோல்ட்டேஜ் இழுக்கும். நடுவில் மெல்லிய கார்பன் தகடு அதன் எலெக்ட்ரான்களை உருவிக்கொள்ளும். பாசிட்டிவாகிவிட்ட அயனியை அதே வோல்ட்டேஜ் வெளியே தள்ளும். ஒரே டிக்கெட்டில் இரண்டு படம். இஸ்ரோவின் சிப்புகள் இங்கே அடி வாங்கியிருக்கின்றன. இந்தக் கன அயனிகள் சிலிக்கானில் தலைமுடிப் பருமன்கூட ஆழம் போகாது. அதனால் சிப்பின் மூடியைப் பெயர்த்து, வெற்றிடத்தில் வைத்து, வேலை செய்யவிட்டு அடிப்பார்கள். எத்தனை பிட் கவிழ்ந்தது என்று எண்ணுவார்கள்.

இதில் கதை எங்கே என்பீர்கள். சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22-ல் கிளம்பியது. நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை தெரிந்துகொள்ளும் அதன் ஸ்டார் சென்சார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்துவிட்டன. 2009 மே மாதத்துக்குள் இரண்டும் போச்சு. சூரியக் கதிர்வீச்சு என்றார்கள். மயில்சாமி அண்ணாதுரையின் குழு அசரவில்லை. கலத்தை 100 கிலோமீட்டரிலிருந்து 200-க்கு உயர்த்தி, கைரோஸ்கோப்புகளை நம்பி, ஆகஸ்ட் 29-ல் தொடர்பு அறும்வரை ஓட்டினார்கள். இரண்டு வருஷத் திட்டம், 312 நாளில் முடிந்தது. கண் போன கப்பல், நிலாவைச் சுற்றி மூன்று மாதத்துக்கு மேல்! இதை விட்டுவிட்டு விண்கல்லைத் துரத்தப் போனார்களே.