உமி தாங்கிய உருக்கு

டமாஸ்கஸ் வாளின் அலைக்கோலத்தில் மயங்காத ஆயுத ரசிகர் இல்லை. அதற்கான உருக்கு தென்னிந்தியாவிலிருந்து போனது என்பதும் பலர் அறிந்ததே. எனக்கோ அந்த உருக்கைச் சுமந்த மூசையின், அதாவது உருக்கும் மண்கலத்தின், உடைந்த ஓடுதான் பேரழகு. தெலங்கானாவின் கோனசமுத்திரத்திலும், பழைய தென்னாற்காட்டைச் சேர்ந்த மேல்சிறுவள்ளூரிலும் அத்தகைய ஓடுகள் கிடைத்திருக்கின்றன.

ஓட்டின் வெளிப்புறம் நெருப்பில் உருகிக் கண்ணாடிப் பூச்சாகப் படிந்திருக்கும். உடைந்த முகம் அடுப்புக்கரி போலக் கன்னங்கறுப்பு. உருப்பெருக்கி வைத்துப் பார்த்தால் அந்தக் கறுப்புக்குள் தோணி தோணியாக நெல் உமி!

செங்கல்லிலும் உமி உண்டு. ஆனால் காற்றுபடச் சுடும்போது அது எரிந்து, வெறும் துளையாகிவிடும். மூசைச் சுவருக்குள் காற்றுக்கு வழியில்லாததால் உமி கரியாகி அங்கேயே தங்குகிறது. உமிச் சாம்பலில் பத்தில் ஒன்பது பங்கு சிலிக்கா. கரிக்குள் அதுவும் எலும்புக்கூடாக நிற்கிறது. ஈர மண் காயும்போது விரிசல் விடாமல் பிடித்த அதே உமி, உலையில் சுவருக்கு நரம்பாகிறது. நுண்துளைகள் திடீர்ச் சூட்டின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன.

இதில் என்னை முழுதாக வென்றது இன்னொன்று. நம் மண்ணில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கும். கடுஞ்சூட்டில் அதுவே மண்ணை இளக்கி உருக்கும். உமிக்கரி அந்த ஆக்சைடை நுண்ணிய இரும்பு மணிகளாக மாற்றிவிடுகிறது. பகையைக் கரி முடித்துவிட்டதால், சாதாரண மண் 1400 டிகிரி செல்சியஸைக் கடந்தும் நிற்கிறது. வேதியியல் நூல் எதுவும் கையில் இல்லாத கொல்லர்கள் இதை எட்டினார்கள் என்பதை நினைக்கும்தோறும் கைகூப்பத் தோன்றுகிறது.

மூசைக்குள் போவதும் தாவரமே: இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டை, எருக்கிலை. மண்ணால் வாயை அடைத்து உலையேற்றுவார்கள். இரும்பு, கரியை ஏற்று உருக்காகும்.

உமியின் அளவில்தான் கைத்திறன். கூடினால் மண் உதிரும், வனைய வராது. குறைந்தால் சுவர் உலையில் தளரும். வார்ப்புக் கலையிலும் உமிக்கு இடமுண்டு. 12ஆம் நூற்றாண்டில் மூன்றாம் சோமேஸ்வரன் இயற்றிய மானசோல்லாசம், மெழுகுச் சிலைமேல் பூசும் மண்ணோடு உமிக்கரி, நுணுக்கிய பஞ்சு, சிறிது உப்பு சேர்த்து மைய அரைக்கச் சொல்கிறது. சிலையின் நகக்கண்கூட அச்சில் பதிய வேண்டுமே. மூசைக்காரருக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை. உமியை முழுசாகவே மண்ணில் போட்டுப் பிசைந்தார். அந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கிறது.