குளிசையும் மாத்திரையும்

இலங்கையில் எங்களுக்குக் குளிசை, தமிழ்நாட்டாருக்கு மாத்திரை. சீனி வருத்தத்துக்குப் போடும் மெட்ஃபோர்மின் இரு கரையிலும் ஒன்றுதான். இலங்கைக்கு மருந்து அதிகம் வருவதும் இந்தியாவிலிருந்துதான். வருமானம் குறைந்த முதியவரின் கைக்கு அது என்ன விலையில் வந்து சேர்கிறது என்பதிலேதான் வேறுபாடு.

அரச ஆஸ்பத்திரியில் இரண்டு இடத்திலும் மருந்துக்குக் காசில்லை. அவசிய மருந்துகளைப் பட்டியலிட்டு, வணிகப் பெயரைத் தள்ளிவைத்து, நாட்டுக்கே மொத்தமாக வாங்கும் வழியை இலங்கையில் காட்டியவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் முயற்சியால் 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் பிறந்தது. உலக சுகாதார நிறுவனம் அத்தகைய பட்டியலை வெளியிட்டதே 1977இல்தான். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்தது 1994இல்.

முந்திக்கொண்ட நாங்கள் 2022இல் விழுந்தோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர், மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளியிலிருந்து மருந்தை இறக்கும் நாட்டில் விலை வேறெங்கே போகும்? மார்ச்சில் மருந்து விலை 29 வீதம் கூட்டப்பட்டது. ஏப்ரல் முடிவில் 60 மருந்துகளுக்கு 40 வீதம். கிளினிக்கில் ஒரு மருந்து இல்லையென்றால், "வெளியில வாங்குங்கோ" என்று ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டோடுதான் இலவசம் முடிகிறது. என் மாமி பாமசியில் பத்துக் குளிசை மட்டும் வாங்கி, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டார். கேட்டால், "எனக்கு இது காணும் பிள்ளை" என்பார். காணவில்லை என்பதைக் காலில் ஏறிய வீக்கம் சொன்னது.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்து சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' எனக்குப் பெரிதாகப் படுவது இதனால்தான். சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகளை ஊர்ப்பெண்களே வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள். பஸ் காசும் இல்லை, வரிசையும் இல்லை.

அங்கும் குறையுண்டு. வேறு நோய்க்குத் தனியார் மருத்துவர் எழுதும் கம்பனிப் பெயர் மாத்திரைக்கு, 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை எந்த மூலைக்கு? விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கே 2023 ஏப்ரலில் 12.12 வீதம் உயர்வு அனுமதிக்கப்பட்டது. 70 வயதைக் கடந்தவர்களுக்கு மத்திய அரசு 2024 ஒக்டோபரில் தொடங்கிய காப்புறுதி, ஆஸ்பத்திரியில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குரியது. மாதாமாதம் கடையில் வாங்கும் மாத்திரை அட்டைக்கு அது உதவாது.

வீடு தேடிப் போவது இலங்கைக்குப் புதிதல்ல. கர்ப்பிணியையும் கைக்குழந்தையையும் பார்க்கக் குடும்பநல மாது ஒழுங்கை ஒழுங்கையாக வருகிறார். ஏற்கெனவே வேலை நிறைந்த அவர் தலையில் குளிசை கொடுக்கும் வேலையையும் கட்டச் சொல்லவில்லை. ஊருக்கு ஒருவரைச் சம்பளத்தோடு நியமித்து, கிளினிக் கொப்பியைப் பார்த்து குளிசையைப் படலையடிக்கு அனுப்பலாம். கையிருப்பு இல்லாத மருந்தை, அந்தத் துண்டைக் காட்டினால் அரச மருந்துக் கடையான ஒசுசலவில் காசில்லாமல் கொடுக்கலாம். முதலில் எழுபது தாண்டியவர்களுக்கு.