உடலை நோக்கும் கண்கள்
பெர்லின் பள்ளித் திரைப்படங்களைக் குறித்து ஒரு திறனாய்வு

திரைப்படத்தைக் குறித்துத் திருச்சபை பேசியபோதெல்லாம் பெரும்பாலும் எச்சரிக்கவே பேசியிருக்கிறது. பார்க்கத் தகுந்தது எது, தகாதது எது என்னும் வினாவோடு நம் ஆராய்ச்சி நின்றுவிடுவது வழக்கம். ஆனால், ஒரு மக்களினம் தன் குற்றத்தையும் தன் மௌனத்தையும் திரையில் எவ்வாறு எதிர்கொள்கிறது என்று கேட்பதும் இறையியல் பயில்வோரின் கடமையே. அவ்வகையில் நம் கவனத்திற்குரியது, நியூயார்க்கிலுள்ள நவீனக் கலை அருங்காட்சியகம் 2013ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடத்திய ‘பெர்லின் பள்ளி’ என்னும் திரையிடல் தொடராகும். அவ்வருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவுத் தலைவர் ராஜேந்திர ராயும் ஜெர்மானியத் திறனாய்வாளர் அங்கெ லெவெக்கெயும் தொகுத்த நூலொன்றும் அதனையொட்டி வெளிவந்தது.

இங்குப் பள்ளி என்றது கட்டடத்தையன்று. பெர்லினிலுள்ள ஜெர்மன் திரைப்பட, தொலைக்காட்சிக் கழகத்தில் பயின்ற கிறிஸ்டியான் பெட்ஸோல்ட், தோமஸ் அர்ஸ்லான், ஆங்கெலா ஷானெலெக் ஆகியோருக்குத் திறனாய்வாளர் இட்ட பெயர் அது. பின்னர் மாரென் ஆடே, கிறிஸ்டொஃப் ஹோக்ஹாய்ஸ்லர், உல்ரிக் கோலர் முதலிய இளையோரும் இவ்வரிசையில் எண்ணப்பட்டனர். பெட்ஸோல்டின் ஆசிரியராயிருந்து, 2014இல் மறையும்வரை அவருடைய திரைக்கதைகளில் துணைநின்றவர் ஹாரூன் ஃபரோக்கி. இவருடைய தந்தையார் இந்தியாவிலிருந்து சென்று ஜெர்மனியில் குடியேறியவர் என்பது நமக்குச் சுவையான செய்தி.

1962ஆம் ஆண்டின் ஓபர்ஹவுஸன் அறிக்கைக்குப்பின் எழுந்த ஃபாஸ்பிண்டர், ஹெர்ட்ஸோக் தலைமுறையினர் தந்தையரின் பாவத்தை உரத்த குரலில் குற்றஞ்சாட்டினர். பெர்லின் பள்ளியாரோ தாழ்ந்த குரலில் பேசுகின்றனர். இசை அரிது; கண்ணீர் அதனினும் அரிது. நெடுஞ்சாலை, விடுதி அறை, அலுவலகம், மருத்துவமனை ஆகியவையே இவர்களின் களங்கள். 1990இல் இணைந்த நாட்டின் வெற்றிமுழக்கத்தில் இவர்கள் கலந்துகொள்ளவில்லை. அந்நாட்டில் வாழும் தனிமனிதர் எதனைச் சுமந்து திரிகின்றனர் என்றே கேட்டனர். அக்கேள்வியின் ஆழத்தைக் காண பெட்ஸோல்டின் இரு படங்கள் போதும்.

1. அறிக்கையிடாத பாவம்

2003இல் வெளிவந்த ‘வோல்ஃப்ஸ்பூர்க்’ படத்தின் பெயர், 1938இல் கார்த் தொழிற்சாலைக்கென்றே நிறுவப்பட்ட நகரின் பெயர். கார் விற்பனையாளன் ஒருவன் வண்டியோட்டியபடியே தொலைபேசியில் சச்சரவிடுகிறான். சைக்கிளில் வந்த சிறுவன்மேல் மோதிவிட்டு நில்லாமல் சென்றுவிடுகிறான். சிறுவன் இறக்கிறான். பின்பு அவன் அச்சிறுவனின் தாயைத் தேடிச்செல்கிறான், உதவுகிறான், அவள் உயிரையே காக்கிறான். இருவருக்குமிடையே அன்பும் மலர்கிறது. சொல்லவேண்டிய ஒரு சொல்லை மட்டும் அவன் சொல்லவில்லை. உண்மை அவன் வாயிலிருந்து வராமல் வேறுவழியாய் அவளுக்கு வெளிப்படும்போது, அவன் செய்த நன்மையனைத்தும் புதிய தீங்காய் மாறிவிடுகிறது.

அவன் கொடியவனல்லன் என்பதே இப்படத்தின் வலிமை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிட எண்ணுகிறான்; ஒவ்வொரு நாளும் ஒரு நற்செயலைச் செய்து அதனைத் தள்ளிப்போடுகிறான். போன்ஹோஃபர் 1937இல் மலிவான கிருபை என்று கடிந்துரைத்ததில் அறிக்கையில்லாத மன்னிப்பும் அடங்கும். அதன் மறுபக்கத்தை இங்குக் காண்கிறோம்: அறிக்கையில்லாத பிராயச்சித்தம். தாவீதுக்கு ஒரு நாத்தான் இருந்தார். இம்மனிதனுக்கோ ஒருவருமில்லை.

இவ்விடத்தில் என் குறையொன்றை மறைப்பது முறையன்று. நான் ஊழியத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில், ஆராதனைக்குப்பின் லாரி ஓட்டுநர் ஒருவர் உடைமாற்றும் அறை வாசலில் நெடுநேரம் நின்றிருந்தார். “ஐயா, ஒரு காரியம் சொல்லவேண்டும்” என்றார். அடுத்த சபையில் எனக்கு ஆராதனை இருந்தது. அவர் தலைமேல் கைவைத்துச் சுருக்கமாய் ஜெபித்து, சமாதானத்தோடே போகும்படி அனுப்பிவிட்டேன். அவர் மறுபடி வரவில்லை. அக்காரியம் யாதென்று இன்றுவரை அறியேன். நாத்தானாய் நிற்கவேண்டியவன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

2. நூலும் உடலும்

2012இல் பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக்கரடி விருதைப் பெற்றுத்தந்த ‘பார்பரா’, 1980ஆம் ஆண்டின் கிழக்கு ஜெர்மனியில் நிகழ்வது. நாட்டைவிட்டுச் செல்ல விண்ணப்பித்த குற்றத்துக்காகப் பெர்லினிலிருந்து பால்டிக் கடலோரச் சிற்றூர் மருத்துவமனைக்கு மாற்றப்பட்ட மருத்துவர் பார்பரா. அவளுடைய தலைமை மருத்துவர் ஆந்த்ரே அவளைக் குறித்து இரகசியக் காவல்துறைக்குத் தகவல் தரவேண்டியவர்.

ரெம்பிராண்ட் 1632இல் தீட்டிய ‘டாக்டர் துல்ப்பின் உடற்கூற்றுப் பாடம்’ என்னும் ஓவியத்தை ஆந்த்ரே அவளுக்கு விளக்கும் காட்சி படத்தின் இதயம். தூக்கிலிடப்பட்ட திருடனின் உடல் மேசைமேல் கிடக்கிறது. சூழ்ந்து நிற்கும் அறிஞர்களோ விரித்துவைத்த நூலை நோக்குகின்றனர். கீறப்பட்ட கை தவறாக வரையப்பட்டிருக்கிறது. அது நூலிலுள்ள கை. ஆகவே அறிஞர் காணாத அம்மனிதனைக் காண்பவர் நாம் மட்டுமே என்கிறார் ஆந்த்ரே.

படம் இவ்விளக்கத்தைச் செயலிலும் காட்டுகிறது. பார்பராவைத் துன்புறுத்தும் காவல் அதிகாரியின் மனைவி புற்றுநோயால் மடிந்துகொண்டிருக்கிறாள்; ஆந்த்ரே அவளுக்குச் சிகிச்சையளிக்கிறார். இத்தகையோருக்கும் உதவுவதுண்டா என்று பார்பரா வெறுப்போடு கேட்க, நோயுற்றிருந்தால் உதவுவேன் என்ற பொருள்பட விடையளிக்கிறார். இறுதியில், தனக்கென ஏற்பாடாகியிருந்த படகின் இடத்தை, சீர்திருத்த முகாமிலிருந்து தப்பிவந்த கருவுற்ற சிறுமி ஸ்டெல்லாவுக்கு அளித்துவிட்டு, பார்பரா நோயாளியின் படுக்கையருகே திரும்புகிறாள். தியாகம் என்ற சொல் ஓரிடத்திலும் உச்சரிக்கப்படவில்லை.

3. மதிப்பீடு

குறைகளும் உண்டு. இப்பள்ளியின் அடக்கம் சில படங்களில் வெறும் குளிர்ச்சியாய் உறைந்து, மாந்தரின் துயர் நம்மைத் தொடாமலே கடந்துவிடுகிறது. மேலும், இவர்கள் காட்டும் குற்றவுணர்வு பெரும்பாலும் தனியனுடையது. அதனைச் சேர்ந்து சுமக்கும் சமூகம் அரிதாகவே தென்படுகிறது. திருச்சபையோ ஏறக்குறைய இல்லை. சீர்திருத்தம் பிறந்த நாட்டில், மன்னிப்பை அறிவிக்க ஒருவரும் இல்லாமல் மாந்தர் அலைகின்றனர்.

இதனை இயக்குநரின் குறையென்று தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. திருச்சபை இல்லாத இடத்தை அவர்கள் இல்லையென்றே காட்டுகின்றனர். வாசலில் நின்றவரைச் செவிகொடாமல் அனுப்பிய ஊழியர் உள்ளவிடத்தில் அது மெய்யான சித்திரமே.

இறையியல் மாணவர் இப்படங்களைக் காண்பதில் பயனுண்டு. பிரசங்கத்துக்கு உவமை தேடி அன்று. நம் மேசைமேலும் நூல்கள் விரிந்திருக்கின்றன, அவை வேண்டியவையே. ஆனால் அவற்றுக்கு முன்பாகவே ஒரு மனிதன் கிடக்கிறான். எரிகோ வழியில் விலகிச்சென்ற இருவரும் நூலறிந்தோர் என்பதை நாம் மறவாதிருப்போமாக.