பத்துப் பத்தாகப் பொறுக்குதல்

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஃபயர்பால் மந்திரத்தை ஏவினால், சேதம் எவ்வளவு என்று பார்க்க எட்டு ஆறுமுகப் பகடைகளை உருட்ட வேண்டும். உருட்டுவது நொடி வேலை. கூட்டும்போதுதான் ஆட்டம் படுத்துவிடும். ஒருவர் பகடைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணிக்கொண்டிருக்க, மற்றவர்கள் செல்போனை எடுத்துவிடுவார்கள்.

கை தேர்ந்தவர்கள் எண்ணுவதில்லை, பொறுக்குகிறார்கள். ஆறும் நாலும் ஒரு பக்கம் ஒதுங்கும். இரண்டு ஐந்துகள் அதன் பக்கத்தில். மூணு, மூணு, நாலு சேர்ந்து இன்னொரு பத்து. தனியே கிடப்பது ஒன்று. மொத்தம் 31, சுதாரித்து விலகியவர்களுக்குப் பாதி, அதாவது 15. பார்க்கவே அழகு!

இன்னொரு வித்தையும் உண்டு. அடி பட்டதா என்று சொல்லும் இருபதுமுகப் பகடையோடு சேதப் பகடையையும் சேர்த்தே வீசிவிடுவது. படவில்லையென்றால் சேதத்தைக் கண்டுகொள்ள வேண்டியதில்லை. இரண்டு அடி அடிப்பவர் சிவப்பில் ஒரு ஜோடி, நீலத்தில் ஒரு ஜோடி வைத்துக்கொண்டால் குழப்பமே வராது.

2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அரக்கர்களின் சராசரி சேதம் அச்சிலேயே இருக்கிறது. காப்ளினின் வாள்வெட்டுக்கு 5. ஆட்டத்தை நடத்துபவர் அதை அப்படியே வாசித்துவிடலாம், தப்பில்லை. ஆனால் ஃபயர்பாலுக்கும் சராசரி 28 என்று எழுதி வைத்துக்கொள்வதை நான் ஒப்பமாட்டேன். எட்டுப் பகடை உள்ளங்கையில் குலுங்குவதற்காகத்தானே அந்த மந்திரத்தையே எடுக்கிறோம்? அதை மட்டும் உருட்டியே ஆடுங்கள்.