பகல் விளக்கும் வாசற்படியும்

கொச்சி நகரைப் பற்றி எழுதுவோர்க்கெல்லாம் நாவில் தேன் சுரக்கிறது. மட்டாஞ்சேரியில் இறங்கிக் காலார நடந்தால் அரை நாளில் ஆறு மார்க்கங்களைக் கண்டுவிடலாம் என்கின்றனர். போர்ச்சுகீசியர் 1555-இல் கட்டித் தந்த அரண்மனை. அதன் வளாகத்திலே பழையனூர் பகவதி கோயில். அருகிலேயே 1568-இல் எழுந்த யூதர் தொழுகைக்கூடம். கொச்சங்காடியில் 1520-ஆம் ஆண்டினதெனக் கூறப்படும் செம்பிட்ட பள்ளி. கோவாவிலிருந்து வந்த கொங்கணியரின் திருமலைக் கோயில். குசராத்தி வணிகர் வழிபடும் தர்மநாதர் சமணக் கோயில். கோட்டைக் கொச்சியிலே பிரான்சிசு தேவாலயம். மணியோசையும் பாங்கோசையும் எபிரேய மந்திரமும் ஒரே காற்றில் கலந்தன. கண்டீரா இந்த அதிசயத்தை என்று கேட்கின்றனர்.

கண்டோம். காணத்தக்கதுதான். ஆனால் கட்டடங்கள் அடுத்தடுத்து நிற்பதாலேயே மனிதர்கள் அடுத்தடுத்து நின்றார்கள் என்று முடிவு கட்டலாமா? கோபுரத்துக்கும் கோபுரத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்தவர்கள், வாசற்படிக்கும் உள்மண்டபத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அளந்தார்களா? இதுவே நம் கேள்வி.

முதலில் போற்ற வேண்டியதைப் போற்றிவிடுவோம். பகுத்தறிவாளன் பழிப்பதற்கென்றே பேனா பிடிப்பவன் அல்லன். 1492-இல் இசுபெயின் நாட்டிலிருந்து யூதர் துரத்தப்பட்டனர். நாடு நாடாக அலைந்தவர்களில் ஒரு பகுதியினர் கொச்சிக் கரையிலே வந்து இறங்கினர். மன்னன் இடம் கொடுத்தான். மறைவான மூலையில் அன்று, தன் அரண்மனையின் அருகிலேயே கொடுத்தான். 1662-இல் போர்ச்சுகீசியர் அவர்களின் தொழுகைக்கூடத்துக்குத் தீயிட்டனர். மறு ஆண்டு டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின் அது மீண்டும் எழுந்தது. ஐரோப்பா யூதனை எரித்த காலத்தில் கொச்சி அவனுக்கு நிலம் அளந்து கொடுத்தது. இது பெருமை, மறுப்பதற்கில்லை. மிளகு வணிகத்தின் இலாபமும் அந்தத் தயவின் பின்னே நின்றது என்பது உண்மையாயினும், பெருமை பெருமையே.

அதற்கும் ஐந்நூறு ஆண்டுகள் முன்னரே வந்த யூதர்களும் உண்டு. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னன் பாசுகர இரவிவர்மன், யோசேப்பு இரப்பான் என்ற யூதத் தலைவனுக்கு ஒரு செப்பேடு வழங்கினான். தமிழ் கற்ற எவரும் அந்த ஏட்டின்முன் நின்று பெருமிதம் கொள்ளலாம்; அதன் எழுத்து வட்டெழுத்து. அதிலே தரப்பட்ட சிறப்புரிமைகள் 72. பல்லக்கு உண்டு, குடை உண்டு, பறை உண்டு, எக்காளம் உண்டு, நடக்கும் பாதையில் விரிக்கப் பாவாடை உண்டு, பகல் விளக்கு உண்டு!

பகல் விளக்கு! கதிரவன் காய்ந்துகொண்டிருக்கும்போதே முன்னே விளக்கேந்திச் செல்லும் உரிமை! வெளிச்சம் வேண்டியா? இல்லை, 'நான் உயர்ந்தவன்' என்று ஊருக்கு அறிவிக்க. அதே மண்ணில், அதே பகலில், தான் வருவதைக் கூவி அறிவித்துவிட்டு வழியை விட்டு விலகி நின்றவன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இரவிலும் விளக்கு இல்லை. பகலிலும் பாதை இல்லை. 2017-இல் இந்தியப் பிரதமர் இசுரேலுக்குச் சென்றபோது இந்தச் செப்பேட்டின் படியொன்றைப் பரிசாக வழங்கினார். நல்லது. வழங்கத்தக்க வரலாறுதான். ஆயினும் அந்த ஏடு சொல்லும் நீதி இன்னதென்று நாம் ஒளிக்காமல் உரைக்க வேண்டும்: அது சமத்துவப் பட்டயம் அன்று, உயர்ந்தோர் வரிசையில் மேலும் ஒருவனுக்கு இடமளித்த பட்டயம்.

அந்த வரிசையில் இடம் பெற்றவன் என்ன கற்றான்? மனிதனை மனிதன் ஒதுக்கும் கலையைக் கற்றான்!

பின்னால் வந்தவர்கள் 'பரதேசி'கள் எனப்பட்டனர். தம்மை வெள்ளை யூதர் என்றனர். முன்னரே இம்மண்ணில் வாழ்ந்த மலபார் யூதரைக் கறுப்பு யூதர் என்று பெயரிட்டுப் பெண் கொடுக்கவும் பெண் எடுக்கவும் மறுத்தனர். தம் வீடுகளில் அடிமைகளாய் இருந்து, யூத மார்க்கம் தழுவி, விடுதலை பெற்றோரின் வழிவந்தவர்களை இன்னும் கீழே நிறுத்தினர். விடுவிக்கப்பட்டோர் என்பதே அவர்களுக்கு எபிரேயத்தில் வைத்த பெயர். விடுவித்தார்களாம்! தொழுகைக்கூடத்தின் இருக்கையில் அமர உரிமையில்லை. தரையிலும் வெளிக்கூடத்திலும் அமர வேண்டும். வேதம் ஓதும் சிறப்பு இல்லை. மணவுறவு இல்லை. எகிப்திலே அடிமைப்பட்டு மீண்ட கதையை ஆண்டுதோறும் கொண்டாடும் ஒரு மக்கள், தம் வீட்டு அடிமையின் பேரனை வாசலிலே உட்கார வைத்தனர். சீனத்திலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள் பளபளக்கும் அந்தத் தரைக்கு இருந்த மதிப்பு, அதன்மேல் அமர்த்தப்பட்டவனுக்கு இல்லை.

'இது சாதியன்று, மத விதி' என்று சொல்லித் தப்ப வழியுண்டா? இல்லை. 16-ஆம் நூற்றாண்டிலேயே இவ்வழக்கு கெய்ரோ நகரின் பெரும் யூத மதவறிஞர் தாவீது இபின் சிம்ராவிடம் சென்றது. கொச்சியில் 900 வீடுகள்; அவற்றுள் நூறு வீட்டார் தாமே தூய குலத்தார் என்று கூறி ஏனையோரை அடிமை வழியினர் என ஒதுக்குகின்றனர் என்பது முறையீடு. முறைப்படி நீராடிச் சமயச் சடங்கை நிறைவேற்றியபின் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், மணவுறவும் கொள்ளலாம் என்பது தீர்ப்பு. தீர்ப்பு கடல் கடந்து வந்தது; கடைப்பிடிப்பார் இல்லை. வேதம் கற்றவன் ஒன்று சொன்னான், சாதி வேறொன்று சொன்னது, வென்றது சாதி! மதத்தைத் திருத்தினால் சாதி தானே உதிரும் என்று நம்புவோர் இந்த வழக்கைப் படித்துப் பார்க்கட்டும்.

தீர்ப்பு வந்து நானூறு ஆண்டுகள் கழித்து, வாசலில் உட்கார வைக்கப்பட்ட குலத்திலிருந்தே ஒருவர் எழுந்தார். ஆபிரகாம் பராக் சேலம், பிறப்பு 1882. சென்னையிலே சட்டம் பயின்று வழக்கறிஞரானார். கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராய் அமர்ந்தார். சட்டசபையில் அமரலாம், தொழுகைக்கூடத்தில் அமரக் கூடாது! அரசன் ஆளும் அவையில் கிடைத்த நாற்காலி, ஆண்டவன் ஆளும் அவையில் கிடைக்கவில்லை. அவர் அஞ்சவில்லை. புறக்கணிப்பும் அறப்போரும் அவர் படைக்கலன்கள். யூதக் காந்தி என்று மக்கள் அழைத்தனர். ஒன்றன்பின் ஒன்றாகத் தடைகள் விழுந்தன. 1950-இல் அவருடைய மகன், வெள்ளையர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட குடும்பத்துப் பெண்ணை மணந்தார். 1967-இல் சேலம் மறைந்தார். மறு ஆண்டு தொழுகைக்கூடத்தின் நானூறாம் ஆண்டு விழா. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வந்தார். அஞ்சல் தலை வெளியாயிற்று. இன்று அத்தெருவுக்கே சேலத்தின் பெயர். ஆனால் ஓடுகளைப் படம் பிடிக்கும் ஆயிரவரில், அப்பெயர்ப் பலகையைப் படித்து யார் இவர் என்று கேட்பவர் எத்தனை பேர்?

யூதரை மட்டும் குறைகூறி நிற்பது நேர்மையன்று. அவர்கள் பாடம் கற்ற பள்ளிக்கூடம் எது? அரண்மனை. கடல் கடந்து வந்தவனுக்குக் கோயிலுக்குப் பக்கத்தில் நிலம் கொடுத்த நாடு, நிலத்தை உழுத புலையனுக்குக் கூடிப் பேச ஒரு திடல் கொடுக்கவில்லை. 1913-இல் என்ன செய்தனர் அவர்கள்? வள்ளங்களைக் கொண்டுவந்தனர், ஒன்றோடொன்று பிணைத்தனர், எறணாகுளம் காயலின்மேல் மாநாடு கூட்டினர்! மண் தீட்டுப்படும், தண்ணீருக்கு அந்தச் சட்டம் இல்லையே! அம்மக்களுக்குத் துணை நின்றவர் வலைஞர் குலத்திலே பிறந்த பண்டிட் கருப்பன், 'ஜாதிக்கும்மி' பாடியவர். 1936-இல் திருவிதாங்கூரின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. கொச்சி அரசோ அசையவில்லை. நாடு விடுதலை பெற்றபின், 1948-இல்தான் அதன் கோயிற் கதவுகள் திறந்தன. யூதன் பக்கத்தில் இருக்கலாம்; புலையன் படியேறக் கூடாது. இதன் பெயரா நல்லிணக்கம்?

சிலுவை இதைத் துடைத்ததா? கேரளத்திலே சிரியன் கிறித்தவர், இலத்தீன் கிறித்தவர், புலையக் கிறித்தவர் என்று திருமுழுக்குக்குப் பின்னும் வரிசை நின்றது. பிறை துடைத்ததா? கடற்கரை முசுலிம்களிடையே தங்ஙள் மேலென்றும் மீனவர் வழிவந்த புசலான் கீழென்றும் பேச்சு இருந்தது. அளவு வேறு, ஆனால் வாசற்படி எங்கும் இருந்தது. பெண்ணுக்கோ எங்கும் தனி மூலை. யூதர் கூடத்தில் மாடம்.

இனி, எழுத்தாளர்களிடம் வருவோம். 1995-ஆம் ஆண்டு கொச்சி யூதரைப் பற்றி இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று சல்மான் ருஷ்டியின் 'தி மூர்ஸ் லாஸ்ட் சை' என்னும் நாவல். அந்நீல ஓடுகளை மாயம் புரியும் பொருள்களாக்கி உலகப் புகழ் பெற்றது. மற்றொன்று 'ரூபி ஆஃப் கொச்சின்'. விடுவிக்கப்பட்டோர் குலத்திலே 1912-இல் பிறந்து, 1951-இல் இசுரேலுக்குக் குடிபெயர்ந்த ரூபி டேனியல் என்ற பெண்மணியின் நினைவுக் குறிப்பு. தம் மக்கள் பட்ட இழிவை மறைக்காமல் எழுதியது. நாவலாசிரியர் கற்பனை செய்வது அவர் உரிமை. அவரைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் முதல் நூலை அறிந்தவர் கோடி, இரண்டாம் நூலை அறிந்தவர் சிலரே என்றால், குறை படிப்பவரிடம் இருக்கிறது. தரை ஓட்டின் கதை இனித்தது. தரையில் அமர்ந்தவளின் கதை கசந்தது. ஆஷிஸ் நந்தி போன்ற அறிஞர், 2000-இல் எழுதிய கட்டுரையொன்றில், கொச்சியின் பல்சமூக வாழ்வை மேனாட்டு முறைக்கு மாற்றான பண்பாடாக எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு கூட்டமும் தன் தூரத்தைக் காத்து, மற்றதைப் பொறுத்து வாழ்ந்தது என்பதை நாமும் ஒப்புகிறோம். அந்தத் தூரத்தில் விழுந்து கிடந்தவனிடம் கருத்துக் கேட்டார்களா என்பதே நம் வினா.

எந்த வீடு நிலைத்தது, எந்த வீடு அழிந்தது என்று பாருங்கள். அதிலும் அந்த வரிசையே தெரியும். 1948-க்குப் பின் யூதர் பெரும்பாலோர் இசுரேல் சென்றுவிட்டனர். எஞ்சியோர் விரல்விட்டு எண்ணத்தக்கவரே. மட்டாஞ்சேரியில் பரதேசியரின் கூடம் பொலிவுடன் நிற்கிறது. மலபார் யூதரின் தெக்கும்பாகம் கூடம் இடிக்கப்பட்டது. கடவும்பாகம் கூடத்தின் அழகிய மரவேலைப்பாடு ஜெருசலேம் அருங்காட்சியகத்தில் காட்சி தருகிறது. கட்டடமோ கிடங்காகக் கிடந்து, 2019-இன் மழையில் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. பழம்பெருமை பேசுவோர் எந்தப் பெருமையைக் காத்தனர், எதைக் கைவிட்டனர் என்பதற்கு இடிந்த சுவரே சான்று.

'நாடெங்கும் மதவெறி மூண்டுள்ள இந்நாளில், இருக்கின்ற ஒற்றுமையையும் ஏன் கிளறுகிறீர்' என்று கேட்கும் நண்பர் இருப்பார். வழிபாட்டு இடங்களை இடிப்போரை எதிர்ப்பதில் நாம் எவர்க்கும் பின்னில்லை. கொச்சியில் ஒருவன் ஆலயத்தை மற்றவன் இடிக்கவில்லை எனில் அந்தப் பண்பை நாம் கட்டிக்காக்க வேண்டும். ஆனால் தலைவனும் தலைவனும் கைகுலுக்குவது அமைதி. வாசலில் நிற்பவனும் உள்ளே அமர்வது நீதி. நீதியில்லாத அமைதி, எவனோ ஒருவனின் மௌனத்தின்மேல் கட்டிய வீடு. அந்த மௌனம் உடையும் நாளில் வீடு ஆடும். ஆட்டம் வருவதற்கு முன்பே அடித்தளத்தைச் சீர்செய்யச் சொல்பவன் பகைவன் அல்லன்.

தோழர்களே! விடுமுறையிலே கொச்சிக்குச் செல்லுங்கள். யூதத் தெருவின் மணிக்கூண்டைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டில் எசக்கியேல் ரகாபி கட்டியது. எபிரேய எண்ணிலும் உரோம எண்ணிலும் மலையாள எண்ணிலும் நேரம் காட்டியது. யாவர்க்கும் அவரவர் எண்ணிலே நேரம் சொன்ன ஊர் என்று வழிகாட்டி கூறுவான். அவன் கூறி முடித்ததும், அமைதியாகக் கேளுங்கள்: இங்கே தரையில் அமர்ந்தவர் யார்? என்று எழுந்தார்? எழுப்பியவர் யார்? பிறகு உங்கள் ஊருக்குத் திரும்புங்கள். அங்கேயும் ஒரு பழைய கோயில் இருக்கும், ஒரு தேவாலயம் இருக்கும், ஒரு பள்ளிவாசல் இருக்கும். கட்டிய மன்னன் பெயர் கல்லிலே இருக்கும். வாசலிலே நிறுத்தப்பட்டவன் பெயர் இராது. அதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறிந்து எழுதி வையுங்கள். வரலாறு அங்கிருந்தும் தொடங்கட்டும்.